பால்சுறாவும் இரண்டு பாட்டில் ரத்தமும்

1

போன சனிக்கிழமை என் மகள் ஜெசிந்தா சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவளுக்குப் பிறந்தநாள். முன்னறையில் பள்ளித் தோழிகள் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவள் அம்மா பிலோமினா பால்சுறாக் கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் அந்த நாளுக்கு கேக்கும் வேண்டும், கருவாடும் வேண்டும்.

"நைனா, நாத்தம்" என்றாள் ஜெசிந்தா.

அவளுக்குப் பிசிறில்லாமல் வரும் தமிழ்ச் சொற்கள் இந்த இரண்டுதான். மிச்சமெல்லாம் நார்வே மொழி. பள்ளியில் அவளை 'யெசிந்தா' என்கிறார்கள். இவளும் போனை எடுத்தால் 'யெசிந்தா பேசுகிறேன்' என்றுதான் சொல்கிறாள். நான் திருத்தினால் என் உச்சரிப்பைத் திருப்பித் திருத்துகிறாள்.

"இந்த நாத்தத்தாலதான்டி நீ பொறக்காமலே பூட்டிருப்ப" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தோள்களைக் குலுக்கிவிட்டுத் தோழிகளிடம் ஓடிவிட்டாள். என்றைக்காவது கேட்பாள், அன்றைக்குக் கையில் கொடுக்கலாம் என்றும், ராயபுரத்தில் இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளட்டும் என்றும் இதை எழுதுகிறேன். அடக்கத்தோடு எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

2

என் பெயர் சேவியர். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தேன். ஒருமுறை பழுதுக்கு வந்த நார்வே நாட்டுச் சரக்குக் கப்பலில் இயந்திர அறைக்கு ஆள் குறைந்தது. 'வருகிறாயா?' என்றார்கள், ஏறிவிட்டேன். கப்பல் தன் சொந்த ஊரான பெர்கனுக்கு வந்ததும், அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டருக்கு அலைகிறார்கள் என்று தெரிந்து இறங்கிவிட்டேன். பெர்கன் மழைக்குப் பேர்போன ஊர். எங்கள் ஊரில் மழை வந்தால் செய்தி, இங்கே நின்றால் செய்தி.

வெளிநாட்டுக்காரர்கள் வருஷா வருஷம் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் அங்கிருந்த அதிகாரி என்னைப் பார்த்து, 'எதற்காக இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?' என்று கேட்டார். 'ரொம்ப நன்றாக இருக்கிறேன், நன்றி' என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது. யார் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கொஞ்சம் காலூன்றியதும் பிலோமினாவை அழைத்துக்கொண்டேன். அவள் என் தாய்மாமன் மகள். மாமா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அவள் அம்மா ரெஜினா, எனக்கு அத்தை, காசிமேட்டில் கருவாடு விற்பவர். மகளை அனுப்ப அவர் லேசில் சம்மதிக்கவில்லை.

"அம்மாந்தொலைவு இஸ்துகினு போறியே, புள்ளப் பேறு ஆருடா பாப்பா?"

"அங்க டாக்டருங்க கீறாங்க அத்தே. ஊரு பூரா ஆஸ்பத்திரி."

"டாக்டரு பால் சொறக்க வெப்பானா?"

அத்தைக்கு எல்லாக் கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை வேகவைத்து, முள் பார்த்து, புட்டாக உதிர்த்துப் பூண்டோடு தாளித்துக் கொடுத்தால் பால் தானாகச் சுரக்கும் என்பது எங்கள் கடற்கரையில் எல்லாரும் அறிந்தது. அதைக் கொடுக்காத மாமியாரையும் தாயையும் ஊர் மன்னிக்காது. பிலோமினாவின் பெட்டியில் அத்தை ஒரு பொட்டலம் வைத்துத்தான் அனுப்பினார். பிள்ளை உண்டாவதற்கு முன்பே அதை நாங்கள் தின்று தீர்த்துவிட்டோம்.

3

எட்டாம் மாதத்தில் ஒருநாள் மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலையாக இருந்த பிலோமினாவுக்குத் திடீரென்று ரத்தம் போனது. என்னைத் தளத்திலிருந்து கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் நின்றிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, "ஒண்ணும் இல்ல மாமா, பயப்படாத" என்றாள். அவள் அப்படிச் சொன்னதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அங்கே பொறுப்பாக இருந்த டாக்டர் சோல்வை என்ற அம்மாள் என்னை உட்காரவைத்து, காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நச்சுக்கொடி குழந்தை வரும் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அப்போது ரத்தம் நிறையப் போகும், வேறு ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த எந்த ரத்தமும் பிலோமினாவின் ரத்தத்தோடு சேரவில்லை. எல்லாருக்கும் கொடுக்கலாம் என்கிற வகைகூட அவளிடம் முறைத்துக்கொண்டு நின்றது.

மாதிரியை இங்கிலாந்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அங்கேயிருந்து பதில் வந்தது. உலகத்தில் மிகச் சிலருக்கே இருக்கும் ரத்தம் இது, முதலில் பம்பாயில் கண்டுபிடித்ததால் பம்பாய் வகை என்று பெயர். நார்வே முழுக்க யாரிடமும் இல்லை. பக்கத்து நாடுகளில் விசாரித்தார்கள், அங்கேயும் இல்லை. கூடப்பிறந்தவர்களிடம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

"ரத்தம் வராமல் அறுவை செய்தால் இவர் பிழைப்பது கஷ்டம்" என்றார் சோல்வை. "காத்துக்கொண்டே இருந்தால், அடுத்தமுறை ரத்தம் போகும்போது தாயும் போவார், குழந்தையும் போகும். கூடப்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?"

"ராயபுரம்" என்றேன்.

அவர் அதை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பிறகு காகிதத்தை என்னிடம் தள்ளினார். நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் கை அப்படித்தான் போயிற்று. அவர் பக்கத்தில் தன் எழுத்தில் குறித்துக்கொண்டார்.

4

ராயபுரத்தில் நடந்ததை என் மைத்துனன், பிலோமினாவின் அண்ணன் ஆரோக்கியம் பிறகு சொல்லித்தான் தெரியும். அவன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் வைக்கும் வேலை. எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். அதைக் கழித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அடித்த தந்தியில் 'பிலோவுக்கு பம்பாய் ரத்தம் வேண்டும், ஆரோக்கியமும் ஸ்டெல்லாவும் உடனே பெரியாஸ்பத்திரி போகவும்' என்று இருந்தது. ஸ்டெல்லா அவர்களுடைய கடைசித் தங்கை. தந்தியைப் படித்துக் காட்டியதும் அத்தை மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன் என்மேல் பாய்ந்தாராம்.

"எம் பொண்ணு ராயபுரத்துல பொறந்து ராயபுரத்துல வளந்தவ. பம்பாய்க்காரன் ரத்தம் அவளுக்கு எப்பிடி வரும்? இன்னா பேச்சு பேசறான் எம் மருமவன்? செத்துப்போன மனுசன் காதுல வுழுந்தா இன்னா நெனைப்பாரு?"

மாதா கோயில் சாமியார் வந்து, பம்பாய் என்பது வெறும் பெயர்தான், குடும்ப மானத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று விளக்கிய பிறகுதான் அத்தை உட்கார்ந்து அழுதாராம்.

ஆரோக்கியம் துறைமுகத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவனோடு ஒரு லாரி ஆள் கிளம்பிவிட்டது. வின்ச் ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கூடவே கடலுக்குப் போகாமல் கரையில் இருந்த காசிமேட்டுக்காரர்கள். ஆஸ்பத்திரி வாசலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். ரத்தப் பிரிவு டாக்டர் வெளியே வந்து, கூடப்பிறந்தவர்கள் மட்டும் போதும் என்றார்.

"எங்க தங்கச்சிக்கு எங்க ரத்தம் ஆவாதா? நாங்க இன்னா தண்ணியா வெச்சுகினு கீறோம்?" என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டாராம். கடைசியில் டாக்டர் அவர்களையும் வரிசையில் நிற்கவைத்து, வேறு நோயாளிகளுக்காக ரத்தம் எடுத்துக்கொண்டார். அன்று அந்த ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை.

சோதித்துப் பார்த்ததில் ஆரோக்கியத்துக்கும் ஸ்டெல்லாவுக்கும் அதே வகை. இரண்டு பேர், இரண்டு பாட்டில். அவ்வளவு பெரிய உடம்புக்காரனான ஆரோக்கியம் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். ஒல்லிக்குச்சியான ஸ்டெல்லா, எழுந்து நடந்து போய் அவனுக்கு சோடா வாங்கி வந்தாள். இதை அவன் சொல்லவில்லை, ஸ்டெல்லா சொன்னாள்.

பாட்டில்களைத் தகரப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போட்டார்கள். அந்தத் தகரப் பெட்டியை ஒரு மரப்பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸும் மரத்தூளும் கொட்டினார்கள். டாக்சியில் மீனம்பாக்கம் போகும் வழியெல்லாம் அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 'ஐஸ் கரையுதான்னு பாக்கறேன்' என்று ஓரிரு தடவை மூடியைத் திறந்தாராம். ஆரோக்கியம் முன் சீட்டில் இருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர், மனித ரத்தத்தை எந்தச் சரக்கு இனத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தோல் இருந்தது, எலும்பு இருந்தது, மயிர்கூட இருந்தது, ரத்தம் இல்லை. விமானம் புறப்படும் நேரம் நெருங்கியது. அவர் புத்தகத்தை மூடிவிட்டு, 'மாதிரிப் பொருள், வணிக மதிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் வரை நடந்தாராம். பிற்பாடு அந்தச் சீட்டைப் பார்த்த பிலோமினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கண்ணன் ரத்தத்துக்கு மதிப்பு இல்லையாமா?" என்றாள்.

5

பெட்டி பம்பாய் போய், அங்கே வேறு விமானம் ஏறி, இத்தாலி வரை வந்தது. இத்தாலியில் மறுபடி மாற்ற வேண்டும். அங்கேயிருந்து டென்மார்க், பிறகு பெர்கன். அதற்குள் பிலோமினாவுக்கு மறுபடி லேசாக ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அறுவைக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். நான் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் சோல்வை தன் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இத்தாலி விமான நிலையத்து டாக்டர் பேசுகிறார். பெட்டியிலிருந்து அழுகின நாற்றம் வருகிறதாம். ரத்தம் கெட்டுவிட்டது, அழித்துவிடப் போகிறோம் என்கிறார்."

இன்னொரு பாட்டில் எடுக்க அங்கே ஆள் இல்லை, எடுத்தாலும் வந்து சேர நேரம் இல்லை. என் மனைவி உயிரோடு அடுத்த அறையில் இருக்கிறாள், கண்ணுக்கு எதிரே அவளை இழக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். பிறகு என்ன தோன்றிற்றோ, அவர் அறைக்குள் ஓடி மேஜைமேல் கிடந்த போனை எடுத்தேன்.

மறுமுனையில் இருந்தவரும் ஒரு பெண் டாக்டர்தான். என் ஆங்கிலம் கப்பல் இயந்திர அறை ஆங்கிலம். அவர் ஆங்கிலமும் அப்படித்தான் கட்டைவண்டியில் வந்தது.

"எப்படி நாற்றம்?" என்றேன்.

"மோசமான நாற்றம்."

"எப்படி மோசம்? இறைச்சி மாதிரியா? முட்டை மாதிரியா?"

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் முகர்ந்துவிட்டு வந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருமினார். "இறைச்சி இல்லை" என்றார். "கடல். உப்பு. அப்புறம்... மன்னியுங்கள், மூத்திரம்."

கடல், உப்பு, மூத்திரம். காசிமேட்டில் பிறந்தவனுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா? சுறாவைக் காயவைத்தால் அந்த மூத்திர வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். வேறு எந்தக் கருவாட்டுக்கும் அது கிடையாது.

"ஐயோ அத்தே!" என்று அலறினேன். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நர்ஸ்கள் நின்றுவிட்டார்கள்.

"யார் அத்தே?" என்றார் இத்தாலி டாக்டர்.

"அது ரத்தம் இல்லை! மீன்! காய்ந்த மீன்! சுறா! மரத்தூளைத் தோண்டிப் பாருங்கள், ஒரு பொட்டலம் இருக்கும். ரத்தம் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், தயவுசெய்து தொடாதீர்கள்!"

போன் மேஜைமேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு மரத்தூளைத் துழாவும் சத்தம். பிறகு அந்த அம்மாள் திரும்பி வந்தார். "வாழை இலை. அதற்குள் செய்தித்தாள், புரியாத எழுத்து. அதற்குள் மீன்" என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. "ரத்தத்தோடு எதற்கு மீன்?"

"பாலுக்கு."

"எந்தப் பாலுக்கு?"

இதற்கு என் ஆங்கிலம் போதவில்லை. போனில் பேசுகிறோம் என்பதையே மறந்து, ஒரு கையை என் நெஞ்சில் வைத்துக் காட்டினேன். இத்தாலிக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் சோல்வை பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியது. என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை பெறப்போகிறவருக்கு அவர் அம்மா அனுப்பியிருக்கிறார்" என்றார் நிதானமாக. "தாய்ப்பால் சுரப்பதற்கு. எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவோம். என் அம்மா எனக்குப் பனியில் இரண்டு கிராமம் தாண்டிக் கொண்டுவந்தார்."

பிறகு அந்த இத்தாலி அம்மாள் என்னவோ சொல்ல, சோல்வை சிரித்துவிட்டார். பக்கத்தில் மனைவி உயிருக்குப் போராடுகிறாள், இந்த அம்மாள் சிரிக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. சோல்வை போனைக் கையால் மூடிக்கொண்டு எனக்குச் சொன்னார்: "அவர்கள் ஊரில் கிழட்டுக் கோழிச் சாறாம். அவர் மாமியார் அதை ஆஸ்பத்திரிக் காவலாளிக்குத் தெரியாமல் பாவாடைக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம்."

விதிப்படி அந்தப் பெட்டியை அழித்திருக்க வேண்டும். நாற்றம் வருகிற மருத்துவப் பெட்டியை மேலே அனுப்பினால் அந்த டாக்டர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவர் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தார். தகரப் பெட்டியின் குளிர்ச்சியை அளந்து பார்த்தார். நாறிப்போன மரத்தூளைக் கொட்டிவிட்டு, விமான நிலையத்துச் சமையலறையிலிருந்து புது ஐஸ் வரவழைத்து நிரப்பினார். டென்மார்க் விமானத்தின் கேப்டன் இவ்வளவுக்கும் விமானத்தை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எந்தெந்த தேசத்துக்காரர்களோ, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆரோக்கியமாக இருந்தால் கைதட்டினார்கள் என்றே சொல்லியிருப்பான்.

6

பெட்டி வந்தது. அன்றைக்கு என்று பெர்கனில் மழை விட்டிருந்தது, விமானம் தடையில்லாமல் இறங்கிற்று. கூடவே ஒரு கனத்த பிளாஸ்டிக் பை. அதை இறுகக் கட்டி, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'மருந்து. தாய்க்கு. பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கவும்' என்று எழுதி, அந்த டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். என் அத்தையின் பால்சுறா அதிகாரபூர்வமாக மருந்தாகிவிட்டது.

பிலோமினாவை உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணன் ரத்தமும் தங்கை ரத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் போயின. கதவு திறந்து சோல்வை வெளியே வந்தபோது அவர் முகமூடியைக் கழற்றுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. "இருவரும் நலம். பெண்" என்றார். நான் அந்தத் தாழ்வாரத்தில், அத்தனை நார்வேக்காரர்கள் பார்க்க, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒரு நர்ஸ் கூட உட்கார்ந்துகொண்டார்.

சுறாப்புட்டு ஆஸ்பத்திரிச் சமையலறையிலேயே வெந்தது. நான் நின்று சொல்லச் சொல்ல அங்கிருந்த சமையல்காரர் செய்தார். அந்த மாடி முழுக்க வாடை எழுந்தது. பெர்கன்காரர்களுக்கு அது பொருட்டா? மரக்கழியில் மீனைத் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் உலர்த்தித் தின்று வளர்ந்த ஜனங்கள். முகத்தைச் சுளிக்கவில்லை, 'உங்கள் ஊரில் உப்பு எவ்வளவு நாள் போடுவீர்கள்?' என்று கேட்டார்கள். சோல்வை ஒரு கரண்டி வாங்கித் தின்றுவிட்டு, பூண்டு கொஞ்சம் கூடுதல் என்றார்.

பால் சுரந்தது. அத்தையைக் கேட்டால் அவர் மகளைக் காப்பாற்றியது சுறாதான். "ரத்தம் கெடக்குது, ரத்தம்! சுறா போவலன்னா அந்த இத்தாலிக்காரி பொட்டியத் தொறந்து பாத்திருப்பாளா? ஐஸு போட்டிருப்பாளா?" என்று இன்றைக்கும் வாதாடுகிறார். யோசித்துப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. பழைய ஐஸ் பாதிக்குமேல் கரைந்திருந்தது என்று அந்த டாக்டர் பிறகு எழுதியிருந்தார்.

எங்கள் தளத்தில் கிரேக்கர்களும் யூகோஸ்லாவியக்காரர்களும் பின்லாந்துக்காரர்களும் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் செய்தி ஓடும். எந்த நாடு எந்த நாட்டை மிரட்டியது, எந்த மாநாட்டில் யார் எழுந்து வெளியே போனார்கள் என்பதுதான் செய்தி. 'நாடுகள் ஒன்றுசேர்ந்து எதைச் சாதித்தன?' என்று யாராவது சலித்துக்கொள்வார்கள். நான் அந்த ஆளைப் பிடித்து உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்வேன். இங்கிலாந்துக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத ரத்தத்தைப் பார்த்துப் பெயர் சொன்னார், மீனம்பாக்கத்து அதிகாரி புத்தகத்தை மூடினார், ஒரு இத்தாலிக்காரி தன் வேலையைப் பணயம் வைத்தாள், ஒரு டென்மார்க் கேப்டன் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார். இவர்களில் யாரும் யாரையும் சந்தித்ததில்லை. இதற்காக எங்கேயும் கொடி ஏறவில்லை, யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. என் மகள் இருக்கிறாள், அவ்வளவுதான். கதையைக் கேட்டுக் கேட்டுத் தளத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். நான் வருவதைப் பார்த்தாலே இப்போது ரேடியோவை நிறுத்திவிடுகிறார்கள்.

7

அன்றிலிருந்து பிலோமினாவும் அந்த அபூர்வ ரத்தக்காரர்களில் ஒருத்தியாகப் பதிவாகியிருக்கிறாள். எந்த நாட்டில் யாருக்கு வேண்டுமென்றாலும் கூப்பிடுவார்கள், போக வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் கூப்பிடவில்லை. ஜெசிந்தாவின் பிறந்தநாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு கூப்பிட்டார்கள். போனை நான்தான் எடுத்தேன். சோல்வையே பேசினார்.

"ஒரு பெண், பிரசவத்தில் ஆபத்து. அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. பம்பாயில் ரத்தம் தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கிருந்து அனுப்ப வழியில்லை. ஊர் கராச்சி."

பம்பாய்க்கும் கராச்சிக்கும் நடுவே கைக்கெட்டும் கடல்தான். ஆனால் இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட யுத்தத்துக்குப் பிறகு இரண்டு நாடுகளுக்கும் நடுவில் விமானம் பறப்பதில்லை. அந்த யுத்தத்தின்போது ராயபுரத்தில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஆரோக்கியம் துறைமுகத்தில் விளக்கில்லாமல் வின்ச் ஓட்டினான். எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வரும் என்று அத்தை ஜெபமாலையோடு குந்தியிருந்தார். இன்றைக்கு ராயபுரத்து ரத்தம் கராச்சிக்குப் போக வேண்டுமென்றால் வடதுருவத்துப் பக்கம் வந்து சுற்றிப் போக வேண்டும்.

பிலோமினாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கராச்சிக்குப் போவுதாம்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "புள்ளத்தாச்சியா?"

"ஆமா."

"அப்பால இன்னாத்துக்கு நின்னு யோசிச்சுகினு கீற? கோட்ட எடு, மழ பேயுது."

ஆஸ்பத்திரியில் கையை நீட்டிப் படுத்திருந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று. சேரும் என்றார் சோல்வை. அதைக் கேட்டவளும் சொன்னவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்கு மறக்காது.

போய்ச் சேர்ந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று அந்த வாரமே செய்தி வந்தது. பெயர் சொல்லமாட்டார்கள், அது விதி. பிலோமினாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரத்துக் கடை ஒன்றுக்கு டிரங்க்கால் போட்டு, ரெஜினா அத்தையைக் கூட்டிவரச் சொல்லி, கம்பியே அதிரும்படிக் கத்தினாள்.

"அம்மா! கராச்சில கொழந்த பொறந்துகீதும்மா! ரெண்டு பேரும் நல்லா கீறாங்க!"

"கராச்சிலயா? அங்க நமக்கு ஆருடி கீறா?"

"இப்ப கீறாம்மா. எந்தங்கச்சி."

கம்பி கொஞ்ச நேரம் இரைந்தது. அத்தை யோசிக்கிறார் என்று தெரிந்தது. அவர் யோசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பேரு இன்னாடி அவளுக்கு?"

"சொல்லமாட்டாங்களாம்மா."

"செரி வுடு. பேரு இல்லன்னா இன்னா? நா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

என்ன பார்த்துக்கொண்டார் என்பது நேற்று வந்த ஆரோக்கியத்தின் கடிதத்தில் தெரிந்தது. அத்தை நேரே கோயிலுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சொல்லியிருக்கிறார். பெயரில்லாமல் எப்படி வாசிப்பது என்று சாமியார் திகைத்திருக்கிறார். அத்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார். கோயில் நிரம்பி வழிந்த ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்துக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் கடலுக்குப் போகிறவர்களும் முழங்காலில் நிற்க, சாமியார் வாசித்தாராம்: "கராச்சியில் பிள்ளை பெற்றிருக்கும் ரெஜினாவின் மகளுக்காக."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. 'ஆமென்' என்ற சத்தம் துறைமுகத்துக் கப்பல்கள் வரைக்கும் கேட்டது என்று எழுதியிருக்கிறான். அவன் எப்போதும் கூட்டித்தான் சொல்வான். இந்த ஒரு தடவை நான் எதையும் கழித்துக்கொள்ளவில்லை.